இரண்டு தடவை அமுக்குகிறவர்

அவர் எதையும் ஒரு தடவை செய்து நான் பார்த்ததில்லை. கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் எழுந்து வருவதற்குள் மறுபடி தட்டுவார். போன் அடித்தால், நாம் கையில் எடுப்பதற்குள் வைத்துவிட்டு மறுபடி அடிப்பார். திரும்பக் கூப்பிட்டால் லைன் பிஸி என்று வரும். ஏனென்றால் அவர் நம்மைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று எத்தனையோ நாள் எனக்குத் தோன்றியிருக்கிறது.

மார்த்தாண்டத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளி, நான், கணக்கு பார்க்க ஒரு பெண். அவ்வளவுதான் கம்பெனி. கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். நான் சொல்லவந்த மனிதர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அங்கே டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு எந்த நேரம், எந்தப் படுக்கை என்று முறை வைப்பது அவர் பொறுப்பு. அதே பிரிவில் அவரும் ஒரு நோயாளி. வளைகுடாவில் வேலைக்குப் போய், இரண்டு சிறுநீரகமும் கெட்டுத் திரும்பியவர். தன் முறை வரும் நாளில் அங்கேயே ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பார். மற்ற நாளில் முழுக்கைச் சட்டை போட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

எங்கள் ஆபீசுக்கு வந்தால் கீழே கடைக்குப் போன் பண்ணி டீ சொல்வார். டீ வருவதற்குள் மறுபடி சொல்வார். இரண்டு தட்டு டீ படியேறி வரும். அவருக்கோ தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு வாய் நனைத்துவிட்டு வைத்துவிடுவார். மிச்சம் முழுவதையும் நாங்கள்தான் குடிக்க வேண்டும். கணக்குப் பெண்ணுக்கு வயிற்றெரிச்சல் வந்ததே அவரால்தான் என்று முதலாளி சொல்வார்.

ஆட்டோ கூப்பிடும் அழகைப் பார்க்க வேண்டும். ஜங்ஷனில் நின்று கையை ஆட்டுவார். ஒருவன் வண்டியைக் கிளப்புவதற்குள் அடுத்தவனைப் பார்த்து ஆட்டுவார். மூன்று வண்டி ஒன்றாக வந்து ரோட்டை மறிக்கும். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவான். கடைசியில் ஆட்டோக்காரர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் பார்த்தவன் "சாரு எனக்க வண்டி!" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால், அவர் எவ்வளவு கையை ஆட்டினாலும் மற்ற எவனும் அசையக் கூடாது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டே, "வேய், அனக்கமில்லியே" என்பார்.

"சாரே, வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு. கண்ணத் தொறந்து பாரும்."

அனக்கம் என்றால் அசைவு. எங்கள் பக்கம் சத்தத்துக்கும் அசைவுக்கும் ஆள் உள்ளே இருக்கிறார் என்பதற்கும் அந்த ஒரு சொல்தான். அவர் வாயில் அது நாள் முழுக்கக் கிடக்கும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு சின்னக் கணினி நிரல், போய்ச் சேர்ந்தது.

வேலை இதுதான். அந்தப் பிரிவில் இயந்திரம் குறைவு, ஆள் அதிகம். ஒருவர் வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருப்பார், ஒருவருக்குக் காப்பீட்டு அனுமதி வந்திருக்காது, ஒரு இயந்திரம் பழுதாகிக் கிடக்கும். அதனால் மறுநாள் முறை தினமும் மாறும். சாயங்காலம் ஆஸ்பத்திரி இணையதளத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும். பட்டியலில் ஒவ்வொரு பெயராக எடுத்து, காலியான படுக்கையைப் பார்த்து, அந்த நோயாளியின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். மெசேஜை அனுப்பித் தரும் கம்பெனி 'போய்ச்சேர்ந்தது' என்று பதில் சொன்ன பிறகு, அந்தப் படுக்கை நிறைந்தது என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகும். எல்லாம் முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

சுற்றுகிற வட்டத்தை அவர் அனக்கம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி அமுக்கினார். அமுக்கினால் முதல் ஓட்டம் நிற்காது. அது ஒரு பக்கம் ஓட, இரண்டாவது ஒன்று தொடங்கும். இரண்டும் ஒரே பட்டியலில் கை வைக்கும். முதல் நாளே சிலருக்கு இரண்டு மெசேஜ், இரண்டு நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளிக்குத் திட்டு, முதலாளியிடமிருந்து எனக்குத் திட்டு.

நான் ஒரு பூட்டுப் போட்டேன். பெரிய வித்தை இல்லை. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது சர்வரில் ஒரு சின்னக் கோப்பை உண்டாக்கும், முடியும்போது அழித்துவிடும். கோப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டாவது ஓட்டம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு மழை நாளில் கரண்ட் போய், பாதி ஓட்டத்தில் சர்வர் நின்றது. ஸ்கிரிப்ட் செத்துப்போனது, ஆனால் கோப்பு அப்படியே கிடந்தது. மறுநாள் உள்ளே யாரும் இல்லை, பூட்டு மட்டும் இருந்தது. ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை. அவர் போனில் கத்திய கத்து பாத்திரக்கடை வரைக்கும் கேட்டது.

இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியும். சர்வரே பிடித்துவைத்திருக்கும் பூட்டு ஒன்று உண்டு. ஓட்டம் செத்தால் அந்தப் பூட்டும் தானாக விழுந்துவிடும். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை முதலாளி தரவில்லை. வேறொரு கடையின் இணையதளத்தை முடிக்க வேண்டும் என்றார். அவரே உட்கார்ந்து ஆஸ்பத்திரி இணையப் பக்கத்தில் இன்னொரு பட்டன் வைத்தார். 'பூட்டை நீக்கு' என்று அதன் மேல் எழுதியிருந்தது.

"அண்ணே, அந்த மனுசன் கையிலயா இதக் குடுக்கிய?"

"கஸ்டமரு கேட்டா குடுக்கணும் ஏட்டி. நீ ஒனக்க வேலையப் பாரு."

சார் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணினார், சந்தோஷமாக. "மக்ளே, இதான் பட்டன்! இதயில்லா நீ மொதல்லயே வச்சிருக்கணும்."

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வேறு வேலையாகப் போனவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. சுட்டியைப் பட்டன் மேல் கொண்டுபோவார், என் முகத்தைப் பார்ப்பார், எடுத்துவிடுவார். அப்போதுதான் கேட்டேன், உங்களுக்கு என்னதான் சார் கேடு, கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியாதா என்று. அப்படித்தான் கேட்டேன். எனக்கு நயமாகப் பேச வராது.

அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அங்க எனக்கு நீரு எறங்காம காலெல்லாம் வீங்கிப் போச்சு. கம்பெனி ஆபீசுல போய்ச் சொன்னேன். ஊருக்கு அனுப்பதுக்குப் பேப்பரு போட்டாச்சு, இந்தா ஆவுது, ரூம்ல இருன்னாவ. நா நம்பி இருந்தேன். அனக்கமில்ல. நல்லவங்க, செய்வாங்கன்னு பின்னயும் இருந்தேன். கடசில எனக்கக் கூட இருந்த பாலக்காட்டுக்காரன் போய்க் கேட்டான். ஒருத்தனும் தொடங்கவே இல்ல, மக்ளே. பேப்பரே போடல்ல. அந்த எடயிலதான் ரெண்டும் போச்சு." பிறகு சொன்னார்: "அனக்கமில்லேன்னா ஒருத்தனும் தொடங்கல்லேன்னு அர்த்தம். அதுக்குப் பொறவு எவன் சொன்னாலும் நா காத்திருக்கமாட்டேன்."

திட்டியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரம் அவர் போன் அடித்தது. மெசேஜ். எடுத்துப் படித்தார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. நாற்காலியில் சாய்ந்தார். "ஆச்சு" என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தார்.

"சார், இன்னும் முக்காவாசிப் பேருக்குப் போகல்லியே."

"அது போவும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உலகத்தில் எதையும் நம்பாத மனிதர். தன் மெசேஜ் வந்ததும், மற்றவர்களுக்கு மட்டும் போகும் என்று நம்பிவிட்டார். இவ்வளவு நாள் அமுக்கியது அத்தனை பேருக்காகவும் என்று நான் நினைத்திருந்தேன். தன் ஒரு பெயருக்காகத்தான் அமுக்கியிருக்கிறார். பட்டியலில் அவர் பழைய நோயாளி, மேலே இருப்பார். அதனால் சீக்கிரம் அடங்கிவிடுவார். இவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் முதலாளி என்னை ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். போனால் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் கூட்டம். ஒரே படுக்கைக்கு இரண்டிரண்டு பேர், எல்லாருடைய கையிலும் மெசேஜ். முந்தின சாயங்காலம் மெசேஜ் கம்பெனியில் ஏதோ கோளாறு. சார் பெயர் வந்தபோது மெசேஜ் போகவில்லை. ஸ்கிரிப்ட் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது. அவர் பொறுத்துப் பார்த்தார், போன் அடிக்கவில்லை. பூட்டை நீக்கினார், அமுக்கினார். முதல் ஓட்டம் ஒருவருக்குப் படுக்கை கொடுத்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இன்னும் குறிக்காத அந்த இடைவெளியில், இரண்டாவது ஓட்டம் அதே படுக்கையைக் காலி என்று பார்த்து இன்னொருவருக்குக் கொடுக்கும். இப்படியே பட்டியல் முழுக்க.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் அன்று காலை நன்றாகத்தான் வேலை செய்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பொறுக்க முடிகிறவர்களைச் சாயங்காலத்துக்கும் மறுநாளைக்கும் மாற்றினார். கெஞ்சினார், திட்டு வாங்கினார். கடைசியாக நாலாம் நம்பர் படுக்கை மட்டும் மிஞ்சியது. அதற்கும் இரண்டு பெயர். ஒன்று அண்டியாபீசில் முந்திரிப்பருப்பு உடைக்கிற ஒரு அக்கா. நடு வயது. முகம் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றார். இன்னொன்று சாருடைய பெயர்.

நர்ஸ் வந்து கேட்டாள். "சாரே, நாலுல ஆருக்குப் போட?"

அவர் அந்த அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"எனக்குப் போடு."

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"சார், நீங்க அமுக்கித்தான இதெல்லாம் வந்தது?"

"ஆமா. நாந்தான் அமுக்கினேன்."

"பொறவும் நீங்களே வந்து படுக்கியளா?"

"எனக்கு வந்த மெசேச் பொய்யா மக்ளே? அவளுக்கது நெசம்னா எனக்கதும் நெசந்தான்."

"அவிய நின்னு மூச்சு வாங்கியாவ சார்."

"நா ராத்திரி பூரா வாங்கினேன். நீ வந்து பாத்தியா?"

நர்ஸ் கையில் ஊசியோடு நின்றாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலிலிருந்து அந்த அக்காதான் பேசினார்.

"அவரு கெடக்கட்டும் பிள்ளே. சண்ட போட எனக்கு சீவனில்ல. வேற எங்கயாவது எடம் உண்டான்னு கேளு."

நாகர்கோயிலில் ஓரிடத்தில் வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வண்டியில் நானும் ஏறினேன். தக்கலை தாண்டுவதற்குள் அந்த அக்காவின் உதடு நீலமாகிவிட்டது. ஆக்சிஜன் குழாயை மூக்கில் பிடித்தபடி என் கையை இறுக்கிக்கொண்டார். பேச வேண்டாம் என்றாலும் பேசினார். புட்டும் ஏத்தம்பழமும் பிசைந்து தின்று எத்தனை நாளாச்சு, இந்தச் சவத்து வியாதி ஏத்தம்பழத்தையும் விடவில்லையே என்றார். செத்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஏத்தம்பழத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, முன்னால் நின்ற லாரியைப் பார்த்து நான் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினேன். போய்ச் சேர்ந்தோம். பிழைத்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் இல்லை என்று அங்கே டாக்டர் சொன்னார்.

திரும்பி வந்தபோது சாருக்கு டயாலிசிஸ் முடிந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கையில் பஞ்சை அமுக்கிப் பிடித்திருந்தார்.

"அவளுக்கு எப்பிடி இருக்கு?"

"செத்தா ஒமக்கென்ன வேய்?" என்றேன். அப்பா வயதுக்காரரை அப்படிப் பேசக்கூடாதுதான். பேசினேன்.

அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பட்டன் இருந்தால் நான் இல்லை என்று. பட்டனைத் தூக்கினேன். சர்வர் பிடித்துவைக்கும் பூட்டைப் போட்டேன். ஓட்டம் செத்தால் பூட்டு தானாக விழும், உயிரோடு இருக்கும்வரை யார் அமுக்கினாலும் உள்ளே போக முடியாது. படுக்கையை முதலில் குறித்துவிட்டு, அதன் பிறகுதான் மெசேஜ் அனுப்பும்படி மாற்றினேன். சுற்றுகிற வட்டத்தையும் எடுத்தேன். இப்போது யார் பெயரில் ஓடுகிறது என்று திரையில் வரி வரியாக வரும். வேண்டியவர் அனக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சில நாள் கழித்து அவர் மாடியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார். நான் என் வேலையைப் பார்த்தேன்.

"மக்ளே, எனக்க பேர பட்டியல்ல கடசில போடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எல்லாருக்கும் போய்ச் சேந்த பொறவு எனக்கு வந்தா போதும். எடையில ஒருத்தருக்குப் போவல்லேன்னா எனக்கும் வரப்பிடாது. அப்பிடி எழுத முடியுமா?"

"முடியும். என்னத்துக்கு?"

"எனக்க போன் அடிக்கது வர நா ஒறங்கமாட்டேன், ஒன்னயும் ஒறங்க விடமாட்டேன். அது ஒனக்குத் தெரியும்லா? அது இனி எல்லாருக்குமா இருக்கட்டும்."

முதலாளி வாயைத் திறந்தபடி இருந்தார். எனக்கும் அதிர்ச்சிதான். தன்னை மாற்றிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. மாற முடியாது என்று தெரிந்து, தன் இடத்தை மாற்றினார். நான் மன்னிக்கவில்லை. வண்டியில் அந்த அக்காவின் உதட்டைப் பார்த்தது நான். ஆனால் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். அவர் முறை இல்லாத நாளிலும், எல்லாருக்கும் போனது என்று கடைசி மெசேஜ் அவருக்கு வரும்.

அதற்குப் பிறகு அவர் தொல்லை இரட்டிப்பானது. தினமும் சாயங்காலம் போன். "அருமனைக்காரனுக்க பேருல நிக்குது பாரு." பார்த்தால் நிஜமாகவே நின்றிருக்கும், அவன் நம்பரை மாற்றியிருப்பான். "கொளச்சல்காரிக்குப் போவல்ல." போயிருக்காது. கடைசியாகத் தன் போன் அடித்த பிறகு ஒரு தடவை கூப்பிட்டு, "எல்லாத்துக்கும் ஆச்சு" என்று சொல்லி வைப்பார். உடம்பு முடியாமல் வேலையை விட்ட பிறகும், வீட்டில் படுத்துக்கொண்டு போனிலேயே பார்த்து அதைச் செய்தார். ஸ்கிரிப்ட் தானாகவே ஓடத் தொடங்கிவிட்ட பிறகும் செய்தார். நானும் திட்டிக்கொண்டே எடுத்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரே தடவைதான் அடித்தது. எடுத்தேன்.

"மக்ளே, நா அவியளுக்க வீட்டுக்காரி பேசுதேன்." பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது. "இப்பம் மெசேச் வந்திருக்கு. எல்லாத்துக்கும் போய்ச் சேந்துட்டுன்னுதான அர்த்தம்?"

"ஆமாக்கா. சார் இல்லியா?"

"உச்சைக்குப் போயிட்டாவ மக்ளே."

மத்தியானம் எங்கே போனார் என்று கேட்கத்தான் எனக்குத் தெரிந்தது. அப்படித்தான் கேட்டேன். பிறகுதான் பின்னால் கேட்ட சத்தம் அழுகை என்று புரிந்தது. நான் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"நாளைக்குக் காலம்பற அவியளுக்கு எடம் போட்டு வந்திருக்கு" என்றார் அந்த அம்மா. "ஆஸ்பத்திரிக்கு அடிச்சேன், எடுக்கல்ல. அந்த எடத்த வேற ஆருக்காவது குடுத்திரு. சும்மா கெடந்து போவாண்டாம்."

சரி என்றேன். அவர் வைத்துவிட்டார்.

பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தேன். படுக்கை காலி என்று வந்தது. மறுநாள் பட்டியலுக்கு வெளியே, இடம் காலியானால் சொல்லச் சொல்லி நிற்கிறவர்களில் முதல் பெயர் திற்பரப்புப் பக்கத்து ஆள், எனக்குத் தெரியாதவர். ஸ்கிரிப்டை ஓட்டினேன். மெசேஜ் போனது. மனம் கேட்காமல் நானே அவருக்குப் போனும் பண்ணினேன்.

"நாளைக்கா? நெசமாட்டா?" அந்த ஆள் நம்பவில்லை. "அன்னைக்குப் போல ஆவாதுல்லா? இதே எடத்துக்கு வேற ஆருக்காவது மெசேச் போயிருக்கா?"

"இல்ல" என்றேன். "அதுல வேற ஆரும் இல்ல. நீங்க வாங்க."